பென்சிலால் எழுதியிருக்க வேண்டிய கட்டம்

சர்க்கரைக்கு மாத்திரை வாங்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த அதே மருத்துவமனைக்குத்தான் போகிறேன். உள்ளே கிராணியாக, அதாவது எழுத்தராக, உட்கார்ந்திருந்தவன் இப்போது நம்பர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். போன தடவை கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். என் அடையாளக் கார்டை வாங்கிப் பெட்டியில் சொருகினாள். பெயர், முகவரி, மதம் எல்லாம் திரையில் தானாக வந்து விழுந்தன.

"மதம் என்னன்னு கேக்க மாட்டியாம்மா?" என்றேன்.

"எதுக்கு அங்கிள்? கார்டே சொல்லிரும்லா. கார்டு இல்லாட்டிதான் என்ன, உங்க நெத்தியப் பாத்தா தெரியாதா?" என்று சிரித்தாள். நெற்றி நிறைய மூன்று பட்டை போட்டுக்கொண்டுதான் நின்றேன். நானும் சிரித்து வைத்தேன்.

நான் அங்கே பழைய ஆள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவளே எழுந்து வந்தாள். "அங்கிள், அந்தக் காலத்துல எல்லாம் கையாலதானே எழுதுவீங்க? எங்க குரூப்புல போட ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன், ஜாலியா இருக்கும்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. கேட்டது என்னவோ அவள். வந்து நிற்பது வேறு விஷயம். அதையே எழுதிவிடுகிறேன்.

எந்த ஊர் மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒன்று, அவ்வளவு போதும். தப்பு கட்டிடத்தினுடையது அல்ல, என்னுடையது.

என் அப்பாவும் அம்மாவும் கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பள்ளியில் ஐந்தாம் படிவம் தேறியதும் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்தது. மூன்று மாதம் பதிவு அறையில், மூன்று மாதம் மருந்துக் கிடங்கில், பிறகு ஆண்கள் வார்டுக்குக் கிராணியாகப் போட்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "அந்தப் பாரத்தை எடு, இந்தப் பாரத்தில் ஒட்டு" என்பதுதான் பயிற்சி. வார்டில் எனக்கு மேலே இருந்தவர் தலைமை நர்ஸ், சிஸ்டர் லிம். அவரிடம்தான் நான் வேலை கற்றேன். கற்றதாக நினைத்துக்கொண்டேன் என்பது இன்னும் சரி.

சிஸ்டர் லிம் சீனப் பெண்மணி. ஆனால் அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் என்னைவிடச் சுத்தமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் நான் ஆவென்று பார்த்தேன். "என்னா கிராணி, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற? கார்டு எல்லாம் அடுக்கியாச்சா?" என்றார். அன்றிலிருந்து நான் கிராணிதான். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நோயாளி விவரம் எழுதும் வார்டுப் பாரத்தில் 'அகாமா' என்று ஒரு கட்டம் உண்டு. அதாவது மதம். விரல் நீளம்கூட இராது. ஆனால் நோயாளிக்கு என்ன சாப்பாடு, எந்தச் சமயத்துக்காரர் வந்து பார்க்கலாம், மூச்சு நின்றால் யார் உடம்பைத் தொடலாம், எப்படிக் கழுவுவது, எங்கே அனுப்புவது எல்லாமே அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் நடக்கும். மற்ற கட்டங்களில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். இதில் தப்பு தெரியவரும்போது பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார்.

சேர்ந்த புதிதில் எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஆளைப் பார்த்தேன், எழுதினேன். தஞ்சோங் டாவாயிலிருந்து ஒருவரை மயக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். மீன் வியாபாரி. லோரியிலிருந்து பெட்டி இறக்கும்போது சுருண்டு விழுந்துவிட்டாராம். கொண்டுவந்தவர்கள் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள், கார்டு லோரியிலேயே இருந்தது. கட்டம் போட்ட கைலி, நெஞ்சு வரை தாடி, தலையில் வெள்ளைத் தொப்பி, வந்த வழியெல்லாம் மலாயில் முனகியதாகச் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? 'இஸ்லாம்' என்று அழகான எழுத்தில் எழுதினேன். மறுநாள் காலை, முஸ்லிம் நோயாளிகளைப் பார்க்க வரும் சமய ஆசிரியர் உஸ்தாஸ் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ஓதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நம் ஆள் கண்ணைத் திறந்தார்.

"முருகா! நான் செத்துட்டேனா?" என்று போட்டாரே ஒரு சத்தம், வார்டே எழுந்து உட்கார்ந்தது. தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டு மூன்று மாதமாகத் தாடி வளர்த்திருக்கிறார் மனிதர். தொப்பி வெயிலுக்கு. உஸ்தாஸ் நல்ல மனிதர். அவர் தோளைத் தட்டி, "தாப்பா, தாப்பா, பரவால்ல, எல்லாருக்கும் வேண்டிக்கலாம்" என்று மலாயில் சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்குத்தான் காது எரிந்தது. முருகனுக்காக வளர்த்த தாடியை வைத்து, முருகனுக்குக் காவடி எடுக்கும் நானே அந்த ஆளை வேறு பக்கம் தள்ளிவிட்டேன்.

சிஸ்டர் லிம் என்னைத் திட்டவில்லை. அந்தப் பாரத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"கிராணி, தெரியாதுன்னு எழுத உனக்குத் தெரியாதா?"

"பாத்தா அப்படித்தான் சிஸ்டர் இருந்துச்சு."

"பாத்தா தெரியுறதுக்கு இது என்னா சொறியா? கேட்டு எழுது. கேக்க முடியலன்னா காலியா வுடு."

பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுத வேண்டும், பக்கத்தில் சின்னதாகத் தேதி போட வேண்டும் என்றார். அது அந்த மருத்துவமனைச் சட்டம் அல்ல, எங்கள் வார்டுச் சட்டம். மேலிடத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் இரண்டு முறை கேள்வி கேட்டார்கள். இரண்டு முறையும் அவரே போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று எங்களிடம் சொன்னதில்லை.

அவர் கேட்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு கேட்கமாட்டார். காலை ஆறே முக்காலுக்கு வார்டுக்குள் வருவார், புதிதாக வந்த நோயாளியின் கட்டிலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், முகத்துக்கு நேரே முகம் வரும்படி உட்காருவார். நீ என்ன மதம் என்று கேட்கவே மாட்டார். "உங்களுக்கு முடியாம போச்சுன்னா யாரக் கூப்புடணும்? என்னா செய்யணும்? என்னா செய்யக்கூடாது?" இந்த மூன்றுதான். தமிழருக்குத் தமிழில், மலாய்க்காரருக்கு மலாயில், சீனருக்கு அவரவர் பேச்சில். பதில் வரும்வரை வாட்சைப் பார்க்கமாட்டார். பிறகு பென்சிலை எடுப்பார்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. நோயாளிக்கு ஆக்சிஜன் வைத்தாலோ, கவுண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அறைக் கட்டிலுக்கு மாற்றினாலோ, மறுபடியும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதே மூன்றைக் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். "நேத்துதானே சிஸ்டர் கேட்டீங்க?" என்பேன்.

"நேத்து சொன்னது நேத்துக்கு" என்பார். அழிப்பானால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். பல நேரம் அதே பதிலைத்தான் எழுதுவார். அப்போதும் அழித்துவிட்டுத்தான் எழுதுவார், பக்கத்தில் புதுத் தேதி.

சிஸ்டர் லிம் எந்தச் சாமியைக் கும்பிட்டார், கும்பிட்டாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கழுத்தில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. எல்லாப் பெருநாளுக்கும் எல்லோருக்கும் ஆரஞ்சுப் பழம் கொடுப்பார். பத்து வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தும் நான் கண்டுபிடிக்கவில்லை, கேட்கவும் துணியவில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பென்சிலில் எழுதினேன், கேட்டு எழுதினேன். ஆனால் கேட்பதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவேன். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் யார், தொழுது தொழுது நெற்றியில் காய்ப்பு ஏறியவர் யார், சங்கிலியைக் கழற்றி வைத்த இடத்தில் கழுத்து வெளுத்திருக்கிறதா, மணிக்கட்டில் கயிறு கட்டிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஊசி போடும்போது எல்லோரும் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால் அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. கணக்குப் பெரும்பாலும் சரியாகவே வந்தது. வார்டு நர்ஸுகள், எங்கள் பேச்சில் மிஸிகள், வேண்டுமென்றே என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, ஏழாம் நம்பர் கட்டில் என்னான்னு சொல்லுங்க பாப்போம்" என்று பந்தயம் வைப்பார்கள். எனக்கு நெற்றி ஜோசியர் என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

சிஸ்டர் லிம் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்து வந்த சிஸ்டர்களுக்குப் பென்சில் பிடிக்கவில்லை. தணிக்கையில் மார்க் குறைகிறது என்றார்கள். நானும் பேனாவுக்கு மாறினேன். யாரும் என் கையைப் பிடித்துப் பேனாவைத் திணிக்கவில்லை. மாறுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது சிவலிங்கம் அண்ணன் வந்து சேர்ந்தார்.

அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் தோட்டத்தில் லோரி ஓட்டினார். பெயர் சிவலிங்கம், ஆனால் சாமி இல்லை என்று சொல்லுகிறவர். கருப்புச் சட்டை போடுவார். ஐயர் இல்லாமல் தோட்டத்தில் நாலைந்து கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறார். "பேரே சாமி பேரா இருக்கே?" என்று யாராவது சீண்டினால், "பேரு எங்கப்பன் வச்சது, புத்தி நான் வச்சது" என்பார். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் ஏற்றிவருவதும் அவருடைய லோரிதான். "சாமிக்கு இல்லடா, தாகமா இருக்குற சனத்துக்கு" என்று சொல்லிக்கொண்டே இறக்குவார்.

அவர் மனைவி பாக்கியம் அக்கா அதற்கு நேர் எதிர். வெள்ளி தவறாமல் கோயில். அண்ணன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்குவார். உள்ளே போகமாட்டார், வெளியே மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அக்கா வெளியே வந்ததும் விரலில் கொஞ்சம் திருநீற்றோடு அவர் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவார். அண்ணன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தக் கையைத் தட்டி விடுவார். அக்கா அதைத் தன் கழுத்திலேயே பூசிக்கொண்டு பின்னால் ஏறி உட்காருவார். ஒவ்வொரு வெள்ளியும் இதுதான் நடக்கும். தோட்டமே பார்த்துச் சிரிக்கும், அவர்களும் சிரிப்பார்கள்.

தோட்டத்தை விற்ற பிறகு அவர்கள் கூலிமில் ஒரு தாமான் குடியிருப்புக்குக் குடிபோனார்கள். அண்ணன் தொழிற்சாலைப் பஸ் ஓட்டினார். எங்கள் வார்டுக்கு வந்தபோது எழுபதைத் தாண்டிவிட்டது. இருதயம் பலவீனம், நுரையீரலில் நீர். ஆனாலும் குரல் போகவில்லை. நான் பாரத்தோடு போய் நின்றதும், "அட, நம்ம தம்பி! நெத்தியில என்னடா, சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்க?" என்றார்.

"உங்களுக்கு என்ன எழுத, அண்ணே?"

"இல்லைன்னு எழுது. பெருசா எழுது. நான் படுத்துட்டேன்னு எவனாச்சும் சாம்பலத் தூக்கிட்டு வந்தான்னா, அந்தக் கையோட திருப்பி அனுப்பு. நீதாண்டா பொறுப்பு."

"சரிண்ணே. நான் பாத்துக்கிறேன்."

பேனாவில் எழுதினேன். அது போதாதென்று கோப்பின் முன் அட்டையில் சிவப்பு மையில், மதம் இல்லை, சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று மலாயில் எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமை. நான் சாமி கும்பிடுகிறவன், இருந்தும் சாமி இல்லை என்பவரின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் பார், நான் எவ்வளவு நியாயமான ஆள் என்று எனக்கே என் முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை திருநீற்றுத் தட்டோடு நோயாளிகளைப் பார்க்க வரும் கோயில்காரர்களை அவர் கட்டில் பக்கம் போகவிடாமல் நானே கூட நடந்து தடுத்தேன்.

ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் முகமூடி வைத்து, கவுண்டர் பக்கத்துக் கண்ணாடி அறைக்கு மாற்றினார்கள். சிஸ்டர் லிம் இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். அந்த அறையில் ஒரு நாற்காலியும் இருந்தது. நான் கோப்பை எடுத்துக் கட்டிலின் காலடியில் மாட்டினேன், சிவப்பு எழுத்து வெளியே தெரியும்படி மாட்டினேன், என் மேசைக்கு வந்துவிட்டேன். சிவலிங்கம் அண்ணனிடம் போய் மறுபடியும் கேட்க என்ன இருக்கிறது? அவரைப் பார்த்தாலே தெரியும்.

மறுநாள் மத்தியானப் பார்வை நேரத்தில் பாக்கியம் அக்கா அவரோடு நெடுநேரம் இருந்தார். அண்ணன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி ஏதோ சொன்னார், அக்கா காதைக் கொண்டுபோய்க் கேட்டார். பிறகு அவசரமாகக் கிளம்பிப் போனார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது வியர்த்துக் கொட்டியது. பழைய தோட்டத்துக் கோயில்வரை பஸ்ஸில் போய் வந்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த அறைக்குள் ஒருவர் ஒருவராகத்தான் விடுவோம், அனுமதிச் சீட்டு கொடுப்பது நான். அவர் கையில் நாட்காட்டித் தாளில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது.

"அதென்னக்கா?"

"துன்னூறு தம்பி. அவருக்கு."

"அக்கா, அண்ணன் வேணாம்னு எழுதி வச்சிருக்காருக்கா."

"இல்ல தம்பி, அவருதான் இப்ப..."

நான் முடிக்க விடவில்லை. "அக்கா, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அண்ணன எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். நல்லா இருக்கும்போது தட்டி விட்டாரு, இப்ப கை தூக்க முடியாத நேரத்துல பூசுறது நியாயமா, சொல்லுங்க?"

கண்ணாடி வழியாகத் தெரிந்த சிவப்பு எழுத்தைக் காட்டினேன். அவருக்கு மலாய் எழுத்துப் படிக்க வராது. சிவப்பையும் அடிக்கோட்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னொரு முறை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் கையை நீட்டினேன், பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். "போறப்ப வாங்கிக்குங்கக்கா" என்று சொல்லி மேசை டிராயரில், ரப்பர் ஸ்டாம்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை, மரியாதை குறையவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது.

அவர் உள்ளே போனார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அண்ணன் முதலில் அவருடைய கையைத்தான் பார்த்தார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என்னைக் காட்டினார். அண்ணன் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். மெல்ல வலது கையைத் தூக்கினார். ஊசிக்குழாய் குத்திய கை. விரலால் தன் நெற்றியைத் தொட்டார். என்னைப் பார்த்தபடியே இன்னொரு முறை தொட்டார்.

எனக்கு வணக்கம் சொல்கிறார், சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து சிரித்தேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

அவர் கையைக் கீழே போட்டார். அக்கா போகும்போது பொட்டலத்தைக் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். மறுநாள் விடிந்து, நான் வேலைக்கு வந்த சற்று நேரத்தில் அவர் போய்விட்டார்.

சடங்கு எதுவும் இல்லாமல் எரித்தார்கள். நானும் போயிருந்தேன். கருப்புச் சட்டை நண்பர்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள், ஒருவர் இரண்டு வார்த்தை பேசினார். நெற்றியில் பட்டையோடு நிற்கும் என்னைக் காட்டி, "இவரு கும்புடுற ஆளு, ஆனாலும் நம்ம அண்ணன் சொன்னதக் கடைசி வரைக்கும் காப்பாத்துனாரு" என்று சொன்னார். எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். பாக்கியம் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

ஓய்வு பெறும் நாளில் மேசையைக் காலி செய்தபோது டிராயரில் அந்தப் பொட்டலம் கிடைத்தது. அடுத்தவர் வாங்கிவந்த திருநீற்றை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு கூலிமுக்குப் போனேன். தொழிற்சாலைப் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் வரிசையில் வீடு. அக்கா என்னை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இத அவருதான் தம்பி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "யாருக்கா?"

"அவருதான். அன்னைக்கு மத்தியானம், அந்த மூஞ்சி மூடியத் தூக்கிட்டுச் சொன்னாரு. 'அம்பது வருசமா உன் கையத் தட்டி விட்டுட்டேன் பாக்கியம். நம்ம கோயிலுக்குப் போயி வாங்கிட்டு வா, நீயே பூசு'ன்னாரு."

மைலோ குவளையைக் கீழே வைத்தேன். என்னென்னவோ கேட்க வந்தது. என் புத்தி அப்போதும் பழைய இடத்திலேயே போய் நின்றது.

"அப்ப... கடைசியில அண்ணனுக்கு நம்பிக்கை வந்துருச்சாக்கா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'சாமி கும்புட மனசு வந்துருச்சா?'ன்னு கேட்டேன். சிரிச்சாரு. அவ்வளவுதான். சாயங்காலம் பூசிட்டுக் கேட்டுக்கலாம்னு பஸ்ஸுக்கு ஓடுனேன்." கொஞ்ச நேரம் பொட்டலத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கும் தெரியாது தம்பி, என்னா நெனச்சுக் கேட்டாருன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. கத்தியாவது சொல்லியிருக்கலாமே."

"எழுதி வச்சிருக்குன்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரியில எழுதுனத மாத்தலாம்னு எனக்கு யாரு சொன்னா?"

சிஸ்டர் லிம்மின் பென்சில் எங்கே போயிற்று என்று அந்த நிமிடம் நினைத்தேன். என் டிராயரின் அடியில்தான் கிடந்தது. பொட்டலத்துக்குக் கீழே. மேசையைக் காலி செய்தபோது குப்பைக் கூடையில் போட்டிருந்தேன்.

"போன பிறகாவது பூசியிருக்கலாமேக்கா? அங்க யாரும் தடுத்திருக்க மாட்டாங்களே" என்றேன். எதையாவது சொல்லி என் பாரத்தை இறக்கி வைக்கப் பார்த்தேன்.

பாக்கியம் அக்கா தலையை ஆட்டினார். "உசுரோட இருக்குறப்ப கேட்டாரு, அது அவரு குடுத்தது. போனதுக்கப்புறம் பூசுனா நான் எடுத்துக்கிட்டதா ஆயிரும். கடைசியில பொண்டாட்டி ஜெயிச்சிட்டான்னு நாலு பேரு சிரிப்பாங்க. அவரத் தோத்தவரா அனுப்ப எனக்கு மனசு வரல."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெளியே ஒரு பஸ் வந்து நின்று ஷிப்ட் முடிந்த ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அக்கா எழுந்து குவளையை எடுத்தார், ஏதோ ஞாபகம் வந்தவர் போல நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. நான் வெறுங்கையோட உள்ள போயி, தம்பி வுட மாட்டேங்குறாருன்னு உங்களக் காட்டுனேன்ல. அவரு உங்களப் பாத்து நெத்தியத் தொட்டுத் தொட்டுக் கேட்டாரு. அப்புறம் கையக் கீழ போட்டுட்டாரு. நான் திரும்பிப் பாக்கல. நீங்க அவருக்கு என்னா பதில் சொன்னீங்க?"

தெரியவில்லை அக்கா, நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்து மூன்று வருடம் நெற்றியைப் பார்த்தே ஆளைச் சொன்னவன், அதைக் கவனிக்கவில்லை என்றேன். அக்கா நம்பினார். அந்தக் கட்டை விரலைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. கவுண்டரில் இருக்கும் மகளே, நீ கேட்டதால் இன்று முதல்முறையாக எழுதுகிறேன். இதை உங்கள் குரூப்பில் போடு. ஆனால் பாக்கியம் அக்கா கண்ணில் படுவதற்கு முன்னால் நான் ஒருமுறை கூலிமுக்குப் போய்வர வேண்டும். அதுவரை பொறு.